கழற்சிக்காயும் கணுக்கால் எலும்பும்

ஐக்கிய நாடுகள் சபையில் 193 நாடுகள் உறுப்பினர்கள். எங்கள் தெருமுனை ஸ்டேஷனரிக் கடையில் இருப்பவை ஏழு. ஈஃபில் கோபுரம், பிரமிடு, சீனப் பெருஞ்சுவர், சாய்ந்த பைசா கோபுரம், சுதந்திர தேவி சிலை, கங்காரு, அப்புறம் நம் தாஜ்மகால். ஒரு புராஜெக்ட் ஷீட் வாங்கினால் ஏழும் வரிசையாக அச்சாகியிருக்கும், கத்தரித்து ஒட்ட வேண்டியதுதான். “வேற நாடு ஏதாவது இருக்கா அண்ணா?” என்று கேட்டால், “எல்லா நாடும் அதுலயே இருக்கே மேடம்” என்கிறார். அவரைக் கோபித்து என்ன பயன்? பள்ளிக்கூடங்கள் கேட்பதும் அந்த ஏழைத்தான்.

எனக்குப் பெரிய ஆசை எதுவுமில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூத்தவள் நாலாவது, சின்னவன் ஒண்ணாவது. உலகத்தில் மனிதர்கள் பல விதமாகச் சமைத்து, உடுத்தி, விளையாடி வாழ்கிறார்கள் என்பதை அவர்கள் கையில் ஒரு பொருளைக் கொடுத்துச் சொல்ல வேண்டும். படம் காட்டத்தான் கைப்பேசி இருக்கிறதே, அந்த விஷயத்தில் அவர்கள் எனக்கே பாடம் எடுப்பார்கள். நான் தேடுவது உருட்டலாம், பிசையலாம், நூல் நூலாகப் பிரிக்கலாம் என்கிற மாதிரி ஏதாவது ஒன்று. கடல் வழியாக உலகம் வந்து போகும் சென்னையில், பர்மாவிலிருந்து வந்தவர்களின் அத்தோ நூடுல்ஸ் கடை இருக்கிற, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை வந்த பிறகு கொரியக் குடும்பங்கள் குடியிருக்கிற இந்த ஊரில், இது இவ்வளவு பெரிய பாடாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இணையத்தில் ‘கிட்’ விற்கிறார்கள். மாதம் ஒரு நாடு, பெட்டி வீடு தேடி வந்துவிடும். ஒன்றை வரவழைத்தேன். ஜப்பான். திறந்தால் ஒரு காகித விசிறி, செர்ரிப்பூ ஸ்டிக்கர், வண்ணம் தீட்ட கிமோனோ போட்ட ஒரு பெண் படம், விளையாட்டு பாஸ்போர்ட், அதில் குத்துவதற்கு ஒரு ரப்பர் முத்திரை. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சின்னவன் முத்திரையைக் குத்திவிட்டு, “ஜப்பான் முடிஞ்சுதும்மா, அடுத்து?” என்றான்.

ஜப்பானை முடித்துவிட்டான் பிள்ளை! அந்தப் பெட்டிக்குக் கொடுத்த காசில், மடிப்பதற்கு நல்ல மெல்லிய காகிதம் ஒரு கட்டு வைத்திருக்கக் கூடாதா? அங்கே பிள்ளைகள் வழக்கமாக மடிப்பது 15 சென்டிமீட்டர் சதுரத் தாள். நம் கடைகளில் தருகிற கலர் பேப்பர் ஒரு கொக்கு உருவாவதற்குள் மடிப்பிலேயே கிழிகிறது, சார்ட் பேப்பரோ மடங்கவே மாட்டேன் என்கிறது. கொக்கு மடிக்கத் தெரிந்த பிள்ளை ஜப்பானைப் பற்றி விரலால் ஒன்று தெரிந்துகொண்டிருக்கும். முத்திரை குத்திய பிள்ளைக்குத் தெரிந்ததெல்லாம் முத்திரை குத்துவதுதான்.

இந்தப் பெட்டிகளில் வரும் உலகத்தைக் கவனித்துப் பாருங்கள். அங்கே எல்லோரும் எப்போதும் திருவிழா உடையில் இருக்கிறார்கள். யாரும் பாத்திரம் தேய்ப்பதில்லை, சில்லறை எண்ணுவதில்லை, பேருந்துக்கு நிற்பதில்லை. மெக்சிகோக்காரர் பெரிய தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு கள்ளிச்செடிக்குப் பக்கத்தில் தூங்குகிறார். வட துருவப் பகுதியின் இனூயிட் மக்கள் பனிக்கட்டி வீட்டு வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்தப் பனிவீடு பெரும்பாலும் வேட்டைக்கும் பயணத்துக்கும் போன இடத்தில் தங்கக் கட்டியது. இன்று அவர்கள் நம்மைப் போல் கதவும் சன்னலும் வைத்த வீடுகளில்தான் இருக்கிறார்கள். இந்தியா என்றால் பாம்பாட்டி என்று யாராவது படம் போட்டால் நமக்கு எவ்வளவு ஆத்திரம் வருகிறது! அதே வேலையை ஊரார் விஷயத்தில் நாம் பிள்ளைகளுக்குக் காசு கொடுத்துச் செய்கிறோம்.

பள்ளிக்கூடக் கதை இதற்கு மேல். ஒரு நாள் இரவு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் செய்தி: வெள்ளிக்கிழமை ‘உலக நாடுகள் தினம்’, குழந்தைகள் உடையணிந்து வர வேண்டும். கூடவே ஒரு பட்டியல். ஒரு பையனுக்கு பிரான்ஸ், இன்னொருத்திக்கு சீனா, என் மகளுக்கு ஆப்பிரிக்கா. ஆப்பிரிக்காவில் 54 நாடுகள் இருக்கின்றன. என் மகள் நாலடி உயரம்.

உடை வாடகைக்குக் கொடுக்கும் கடைக்குப் போனேன். “ஆப்பிரிக்காவா? ரெடியா இருக்கு மேடம்” என்று கொக்கியிலிருந்து இறக்கினார். பிளாஸ்டிக் இலைப்பாவாடை, எலும்பு மாதிரி வெள்ளைப் பிளாஸ்டிக் மாலை, முகத்தில் பூச ஒரு கறுப்பு டப்பா. “போன வாரம் இதே டிரெஸ்ஸுதான் ஆதிவாசிக்குப் போயிட்டு வந்துச்சு. பசங்களுக்கு நல்லா எடுப்பா இருக்கும்” என்றார். அவர் வியாபாரம் செய்கிறார். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

எரிந்ததற்குக் காரணம் இருக்கிறது. மெட்ராஸ் பக்கத்துக் கட்டம் போட்ட பருத்தித் துணி, பல தலைமுறைகளாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிப் போனது. ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்’ என்று வியாபாரிகள் அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். நைஜீரியாவில், நைஜர் ஆறு கடலில் கலக்கும் சதுப்புநிலத் தீவுகளில் கலபாரி என்ற மக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தத் துணி வெறும் உடுப்பு இல்லை, குடும்பச் சொத்து. பெட்டியில் மடித்துவைத்து அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிறார்கள், சாவு வீட்டில் கட்டிலை இதைக் கொண்டு அலங்கரிக்கிறார்கள். அதோடு விடவில்லை. அவர்கள் வீட்டுப் பெண்கள் கட்டத் துணியிலிருந்து சில நூல்களை ஊசியால் தூக்கி, பிளேடால் வெட்டி, உருவி எடுத்துவிடுகிறார்கள். கட்டம் மறைந்து, வலை மாதிரி மெல்லிய புதுக்கோலம் ஒன்று வந்துவிடுகிறது. பெலெடெ பிடெ என்று அதற்குப் பெயர். நெய்த துணியைக் குறைத்துக் குறைத்தே புதுத் துணியாக்கும் வேலை இது. நம் நெசவாளி நெய்ததை அவர்கள் தங்களுடையதாக்கிக்கொண்ட விதம்.

ஆக, என் மகள் ஆப்பிரிக்காவின் ஒரு மூலையை உடுத்திக்கொள்ள இலைப்பாவாடை தேவையே இல்லை. ஒரு லுங்கி போதும். சரி, வாங்கலாம் என்று கிளம்பினால் அடுத்த கூத்து. கடையில் எடுத்துப் போடும் லுங்கி பாதிக்குப் பாலியஸ்டர் கலந்தது. முழுப் பருத்தி, கொஞ்சம் இளக்கமான நெசவு, கட்டம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்றால் கடைப் பையன் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறான். “சாருக்கா மேடம்?” “இல்லப்பா, பொண்ணுக்கு.” “நைட்டியா தைக்கவா?” “நூல் உருவ.” அதோடு அவன் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டான்.

எப்படியோ ஒன்று கிடைத்தது. நானும் மகளும் உட்கார்ந்து நூல் உருவினோம். பிளேடு என் கையில், ஊசி அவள் கையில். ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்தும் உள்ளங்கை அகலத்துக்குத்தான் வந்தது. “இதை ஒரு முழுத் துணிக்குமா செய்வாங்க?” என்று அவள் கேட்டபோது அவள் குரலில் இருந்த மரியாதை எந்த கிட்டிலும் வராது. வெள்ளிக்கிழமை அதையே இடுப்பில் சுற்றிக்கொண்டு போனாள். “இது நம்ம லுங்கி இல்ல?” என்று டீச்சர் கேட்டாராம். “ஆமா மிஸ், ஆனா அவங்களோடதும்” என்று இவள் சொன்னாளாம். முதல் பரிசு வேறொரு வகுப்பிலிருந்து வந்த இலைப்பாவாடைக்குப் போனது.

டீச்சரைச் சொல்லிக் குற்றமில்லை. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் கலபாரியையா தேடிக்கொண்டிருக்க முடியும்? ஆனால் ஆப்பிரிக்கா என்று ஒரு கண்டத்தையே ஒரு பிள்ளை தலையில் கட்டியவர் யாரோ, அவரை எனக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

அடுத்தது பல்லாங்குழி. குழி போட்ட பலகையில் விதை தூவி ஆடும் ஆட்டம் ஆப்பிரிக்கா முழுக்க ஒவ்வொரு வடிவத்தில் இருக்கிறது. கானாவில் அது ஒவாரே. ஆறாறு குழியாக இரண்டு வரிசை, குழிக்கு நாலு விதை, மொத்தம் 48. அடிமைகளாகப் பிடித்துப்போகப்பட்டவர்கள் அதைக் கரீபியத் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். ஆன்டிகுவாவில் இன்றும் வாரி என்ற பெயரில் ஆடுகிறார்கள். சொந்தமாக ஒரு துணிகூட எடுத்துப் போக முடியாதவர்கள் ஒரு விளையாட்டை எடுத்துப் போயிருக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல நினைத்தேன். பலகை நம் பல்லாங்குழியே போதும். பதினாலு குழியில் ஓரத்துக் குழிகள் இரண்டை மூடிவிட்டால் பன்னிரண்டு.

பலகை? மாமியார் சீராகக் கொண்டுவந்த மரப் பல்லாங்குழி வீடு மாறும்போது பழைய சாமான்காரருக்குப் போய்விட்டது. இப்போது கடைகளில் ‘பாரம்பரிய விளையாட்டு’ என்று பெரிய எழுத்தில் போட்டு விற்பது மடக்குப் பிளாஸ்டிக். குழி ஆழமில்லை, விதை துள்ளி வெளியே ஓடுகிறது. மரத்தில் வேண்டும் என்றால் அலங்காரப் பொருள் விலை சொல்கிறார்கள். விளையாட வாங்கவில்லை, வரவேற்பறையில் வைக்கத்தான் வாங்குகிறோம் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்.

விதை வாங்கப் போனது இன்னும் வேடிக்கை. ஆன்டிகுவாவில் வாரி ஆடுவது கழற்சி விதையில். அதே கழற்சிக்காய்தான், சங்க காலத்துப் பெண்கள் மணலில் கழங்காடியது. கடற்கரை ஓரமெல்லாம் தானே முளைக்கிற கொடி. சாம்பல் நிறத்தில் வழவழவென்று, கல் மாதிரி இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் கேட்டேன். கடைக்காரப் பெரியவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, “எத்தனை மாசமா தள்ளிப் போகுதும்மா?” என்றார். மாதவிடாய்க் கோளாறுக்குக் கழற்சிக்காய் வாங்க வருபவர்கள்தான் இப்போது அதிகமாம். “அதுக்கில்ல ஐயா. நாப்பத்தெட்டு வேணும்.” பெரியவர் பதறிப்போனார். “ஒரே நேரத்துல அவ்வளவு எடுக்கக் கூடாது தாயி!” விளையாட என்று சொன்ன பிறகுதான் மனிதருக்கு உயிர் வந்தது. அப்புறம் அவரே உட்கார்ந்து ஒரே அளவாகப் பொறுக்கித் தந்தார். இந்தத் தேடலில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல கடைக்காரர் அவர்.

பிள்ளைகள் ஆடினார்கள். ஒவாரேயில் ஒரு விதி உண்டு. எதிராளியின் பக்கம் விதையே இல்லாமல் காலியாகிவிட்டால், அவருக்கு விதை போய்ச் சேரும்படியாகத்தான் நாம் ஆட வேண்டும். முடிகிறவரை அவரைப் பட்டினி போடக் கூடாது. சின்னவனுக்கு இது பொறுக்கவில்லை. “அவளுக்கு நானே சாப்பாடு போடணுமா? அப்புறம் நான் எப்பிடி ஜெயிக்கிறது?” என்று ஒரு மூச்சு அழுதான். மாமியாரும் அவன் பக்கம். “நம்ம ஆட்டத்துல தோத்தவளுக்குக் குழியையே மூடிருவோம். இது என்ன ஊரு ஆட்டம்?” அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் வரை வீட்டில் அதே விவாதம். எனக்கு வேண்டியதும் அதுதான்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். வேற்று நாட்டுப் பொருள் எதைக் காட்டினாலும் “இது நம்ம ஊர் இது மாதிரிதான்” என்று முடித்துவைக்கும் வழக்கம் நமக்கு இருக்கிறது. எத்தியோப்பிய இஞ்செராவா, நம்ம தோசைதான். கொரியப் பிள்ளைகள் ஆடும் கொங்கியா, நம்ம ஐந்தாங்கல்தான். பிள்ளைகள் பார்க்கவே கூடாத ஒரு ஓடிடி தொடரில் கொங்கி வந்த பிறகு, என் மகளின் வகுப்பில் பாதிப் பேர் ஐந்தாங்கல்லைக் கொரியாக்காரர்கள் திருடிவிட்டதாகவே நினைக்கிறார்கள். ஒற்றுமையைச் சொன்னால் பிள்ளை தலையாட்டிவிட்டுப் போய்விடும். கொங்கியில் கடைசிச் சுற்றில் ஐந்தையும் புறங்கையில் ஏந்தி, எறிந்து பிடித்தால் எத்தனை கல்லோ அத்தனை வருடம் என்று கணக்கு வைக்கிறார்கள் என்று சொன்னால்தான் “ஏன் வருஷம்?” என்று திரும்பி உட்காரும்.

கறிக்கடைக்கு வருகிறேன். மங்கோலியாவில் ஷகாய் என்று ஒன்று. ஆட்டின் பின்னங்கால் கணுவில் இருக்கும் சின்ன எலும்பு. அதை உருட்டினால் நாலு விதமாக விழும். ஒரு பக்கம் குதிரை, ஒரு பக்கம் ஒட்டகம், ஒரு பக்கம் செம்மறி, ஒரு பக்கம் வெள்ளாடு. நாலு எலும்பை உருட்டி, எத்தனை குதிரை விழுகிறதோ அத்தனை கட்டம் உங்கள் குதிரை முன்னே போகும். மேய்ச்சல்காரர்களின் பிள்ளைகள் கையில் இருந்தது எலும்பு, கண்ணில் பட்டது அந்த மிருகங்கள், ஆட்டமும் அதிலிருந்தே வந்திருக்கிறது. கிரேக்கர்களும் ரோமானியர்களும்கூட இதே எலும்பைத் தாயக்கட்டை மாதிரி உருட்டியவர்கள். மங்கோலியர்கள் இதைச் சுண்டிக் குறிபார்க்கும் போட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள், அதை 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது.

இதற்கு இறக்குமதி எதற்கு, ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் தொங்குகிறதே என்று போனேன்.

“பாய், பின்னங்கால் கணு எலும்பு வேணும். வெட்டாம, முழுசா.”

“சூப்புக்காம்மா? சின்னச் சின்னதா போட்டுத் தர்றேன்.”

“சூப்புக்கு இல்ல பாய். பசங்க விளையாட.”

கத்தி நடுவில் நின்றது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாய் யோசித்து, “நாய்க்குட்டியைச் சொல்றீங்களா?” என்றார்.

மூட்டில் கத்தியை விட்டுக் கழற்றி எடுத்தால்தான் அந்த எலும்பு முழுதாக வரும். அவர்கள் கை பழகியதோ ஒரே போடு. போட்டால் எலும்பு இரண்டு துண்டு. ஓர் ஆட்டுக்கு இரண்டுதான் கிடைக்கும். நாலு சேர்வதற்குள் பாய்க்கு என்னைப் பார்த்தாலே சிரிப்பு. வேகவைத்து, தசை நார் சுரண்டி, வெயிலில் காயவைத்தபோது வீட்டில் இன்னொரு கச்சேரி. “வெள்ளிக்கிழமை அதுவுமா நடுக்கூடத்துல எலும்பை வச்சு உருட்டுறதா? அக்கம்பக்கத்துல பார்த்தா என்ன நினைப்பாங்க?” மாமியார் கேட்டதில் நியாயம் இருந்தது. மொட்டை மாடிக்கு மாற்றினோம். காகங்களும் சேர்ந்துகொண்டன. இப்போது அந்த எலும்புகள் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. எது ஒட்டகம், எது குதிரை என்று சின்னவன் கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்கிறான்.

மெக்சிகோவுக்கு வேண்டியது தொப்பி இல்லை, மக்காச்சோளம். காய்ந்த சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோலைக் கசக்கிக் கழுவி அரைத்தால்தான் அவர்களுடைய ரொட்டி மாவு வரும். சுண்ணாம்பு போடாவிட்டால் சோளத்தில் இருக்கும் நியாசின் என்ற சத்து உடம்பில் சேராது. சோளத்தைக் கொண்டுபோன ஐரோப்பியர்கள் சுண்ணாம்பு விஷயத்தை விட்டுவிட்டார்கள். சோளத்தையே நம்பி வாழ்ந்த வட இத்தாலி ஏழைகளைப் பெலாக்ரா நோய் வாட்டியது அதனால்தான். ஒரு ரொட்டிக்குள் இவ்வளவு இருக்கிறது. சுண்ணாம்பு வெற்றிலைக் கடையில் கிடைக்கிறது, கிரைண்டர் வீட்டில் இருக்கிறது, தோசைக்கல் இருக்கிறது. சோளம்தான் இல்லை.

சூப்பர் மார்க்கெட்டில் ஸ்வீட் கார்ன் இருக்கிறது, பாப்கார்ன் இருக்கிறது, கார்ன்ஃபிளேக்ஸ் எட்டு வகை இருக்கிறது. காய்ந்த மக்காச்சோளம் கேட்டால் “அது கோழித்தீவனம் மேடம்” என்கிறார்கள். இறக்குமதி மாவுப் பாக்கெட் ஒன்று கண்ணாடி அலமாரியில் இருந்தது. அதன் விலைக்கு ஐந்து கிலோ அரிசி வாங்கலாம். கடைசியில் எங்கள் அடுக்ககத்துக் காவலாளி அண்ணன் ஊருக்குப் போனபோது துணிப்பையில் கொண்டுவந்தார். பெரம்பலூர்ப் பக்கம். “எங்க காட்டுச் சோளம் எல்லாம் நாமக்கல் கோழிக்குப் போகுது. நீங்க எதுக்கு இதைத் திங்கிறீங்க?” என்று அவருக்கு நிஜமாகவே வருத்தம். ரொட்டி வட்டமாக வரவில்லை, ஓரம் வெடித்தது. ஆனால் சுண்ணாம்பு நீரில் சோளத் தோல் மஞ்சளாகி வழுக்கி வந்ததைப் பிள்ளைகள் வாளியில் கைவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

இத்தனையும் நாயாய்ப் பேயாய் அலைந்து சேர்த்தது. நியாயமாகப் பார்த்தால் இந்த அலைச்சலே வேண்டியதில்லை. தமிழன் இல்லாத நாடு எது? என் உறவிலேயே பாரிஸ், டொராண்டோ, ஆஸ்லோ, மஸ்கட், சிங்கப்பூர் எல்லாம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை பெட்டியோடு வருகிறார்கள். பெட்டியைத் திறந்தால் சாக்லேட், கோடாலித் தைலம், சென்ட் பாட்டில், ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம். பத்து வருடம் அந்த நாட்டில் வாழ்ந்தவர்கள், அந்த நாட்டை ஒரு விமான நிலையக் கடையாகத்தான் நமக்குக் காட்டுகிறார்கள்.

பாரிஸ் சித்தி மகளிடம் கேட்டேன். “அக்கா, வரும்போது உன் பையன் ஸ்கூல் நோட்டு ஒண்ணு கொண்டு வர்றியா? எழுதுனதா இருந்தாலும் பரவால்ல.” அவளுக்கு அவமானமாகிவிட்டது. “என்னடி, நோட்டுகூட வாங்க வக்கில்லாமயா இருக்க? நல்ல வாட்ச் வாங்கிட்டு வர்றேன்.” கெஞ்சித்தான் வாங்க வேண்டியிருந்தது. பிரெஞ்சுப் பள்ளி நோட்டில் நம் நோட்டு மாதிரி வெறும் கோடு கிடையாது. எட்டு மில்லிமீட்டர் கட்டங்கள், அதற்குள் இரண்டு மில்லிமீட்டருக்கு ஒன்றாக மெல்லிய கோடுகள், எந்த எழுத்து எந்தக் கோடு வரை ஏற வேண்டும் என்று கணக்கு. என் மகள் அதில் தமிழ் எழுதிப் பார்த்துக் கொம்பையும் சுழியையும் எங்கே நிறுத்துவது என்று திண்டாடினாள். ஒரு பிரெஞ்சுப் பிள்ளை பென்சில் பிடித்த நாளிலிருந்து எப்படி வளர்க்கப்படுகிறது என்பதை அந்த ஒரு பக்கம் சொல்லிற்று. எங்கள் வீட்டில் ஈஃபில் கோபுரச் சாவிக்கொத்து அதற்கு முன்பே மூன்று இருக்கிறது, ஒன்றும் சொன்னதில்லை.

முந்தைய தலைமுறைக்கு இவ்வளவு சிரமம் இருந்ததில்லை என்றுகூடத் தோன்றுகிறது. அப்பா காலத்தில் தபால் தலை சேர்க்காத பையன் குறைவு. ஹங்கேரியிலோ போலந்திலோ யாரோ எச்சில் தொட்டு ஒட்டி, முத்திரை விழுந்து வந்த காகிதம் அது. நியூ செஞ்சுரி புக் ஹவுஸில் சோவியத் குழந்தைப் புத்தகங்கள் கொள்ளை மலிவு. சமோவார் எப்படிக் கொதிக்கும், பனியில் காலணி எப்படி நனையும் என்று அதைப் படித்த ஊர்ப்பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. சோவியத் ஒன்றியம் போனது, புத்தகமும் போனது. கடிதம் நின்றது, தபால் தலையும் நின்றது. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்ததுதான் ஸ்டிக்கர்.

சரி, அருங்காட்சியகத்துக்குப் போகலாம் என்றால் எதையும் தொடக் கூடாது. விலைமதிப்பில்லாத பொருளைத் தொடக் கூடாதுதான், ஒப்புக்கொள்கிறேன். டெல்லியில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965-இல் தொடங்கிய பொம்மை அருங்காட்சியகத்தில் உலகத்துப் பொம்மைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, எல்லாம் கண்ணாடிக்குள். பொம்மையைக் கண்ணாடிக்குள் பார்ப்பதைப் போலக் குழந்தைக்குத் தண்டனை வேறில்லை. லண்டனில் ஹார்னிமன் என்று ஓர் அருங்காட்சியகம். தேயிலை வியாபாரி ஒருவர் தான் சேர்த்த பொருட்களை ஊருக்குக் கொடுத்தார், 1901-இல் கட்டடமும் திறந்தார்கள். அங்கே கையில் எடுத்துப் பார்ப்பதற்கென்றே ஆயிரக்கணக்கான பொருட்களைத் தனியாக வைத்திருக்கிறார்கள். முகமூடியைப் போட்டுப் பார்க்கலாம், மேளத்தைத் தட்டலாம். பிரிட்டனில் பல அருங்காட்சியகங்கள் பள்ளிக்கூடங்களுக்குப் பொருட்களைப் பெட்டியில் போட்டு இரவலும் கொடுக்கின்றன.

இங்கே அதற்குப் பெரிய செலவுகூட வேண்டாம். 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் தோண்டியபோது ரோமானியர்களின் மதுச்சாடி ஓடுகள் கிடைத்தன. அந்த ஓடுகள் பத்திரமாகக் கண்ணாடிக்குள்ளேயே இருக்கட்டும். பக்கத்தில் வில்லியனூரில் பரம்பரையாகச் சுடுமண் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். அதே வடிவத்தில், நீண்ட கழுத்தும் இரண்டு காதும் கூரான அடியுமாக ஒரு சாடி செய்துதர அவர்களால் முடியாதா? பிள்ளை அதைத் தரையில் நிறுத்திப் பார்க்கும், சாடி விழும். ஏன் இப்படி நிற்காத சாடியைச் செய்தார்கள் என்று கேட்கும். கப்பலுக்குள் அடுக்கி வைக்க என்ற பதிலோடு ரோமாபுரியிலிருந்து நம் கடற்கரை வரை ஒரு பயணம் போய்வரலாம். மாவட்டத்துக்கு ஒரு பெட்டி, அதில் இப்படிப் பத்துப் பொருள், பள்ளிகளுக்கு மாறி மாறி இரவல். அருங்காட்சியகத் துறையில் இருக்கும் யாராவது இதைப் படித்தால் யோசியுங்கள் ஐயா.

அதுவரை வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்களுக்கு என் விண்ணப்பம். அடுத்த முறை வரும்போது உங்கள் பிள்ளை எழுதி முடித்த நோட்டு ஒன்று, உள்ளூர்ப் பேருந்துச் சீட்டு, அந்த ஊர்ச் செய்தித்தாள், மளிகைக் கடை ரசீது, கிழிந்த விளையாட்டுச் சீட்டுக்கட்டு, பக்கத்து வீட்டுப் பாட்டி தூக்கிப்போட இருந்த சமையலறைக் கரண்டி, இவற்றில் எது கைக்கு அகப்படுகிறதோ அதைக் கொண்டுவாருங்கள். ஜப்பானில் இருந்தால் நடுவில் ஓட்டை போட்ட ஐந்து யென் காசு. விதையும் செடியும் வேண்டாம், விமான நிலையத்தில் பிடிப்பார்கள், பிடிக்கவும் வேண்டும். காந்தம் மட்டும் வேண்டவே வேண்டாம். எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் இடமில்லை.